காரமும் கார்ப்பும்: தமிழ் லெக்சிகனின் ஒரு பதிவை முன்வைத்து

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ‘காரம்’ என்னும் சொல்லை வடமொழி ‘க்ஷார’த்தின் வழிவந்ததாகக் கொள்கிறது. மிளகாயின் உறைப்பும் சாம்பலுப்பின் அரிப்பும் அதன்படி ஒரே வேரில் கிளைத்தவை ஆகின்றன. அப்பேரகராதியின் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை; சொல் வரலாற்றில் அவரளவு கண்டிப்பு காட்டியவர் சிலரே. எனவே இதை அவசரத்தில் நேர்ந்த பிழையென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் பாதியைத்தான் ஏற்க முடிகிறது.

ஏற்கும் பாதி எளிது. வெங்காரம், சீனக்காரம், சவுக்காரம், அப்பளக்காரம் ஆகியவற்றில் உள்ள காரம் க்ஷாரமே. இவற்றுள் எதுவும் மிளகைப்போல் உறைப்பதில்லை.

மறுபாதிக்கு வருவோம். வடமொழி மருத்துவத்தில் உறைப்புச் சுவையின் பெயர் ‘கடு’. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் திரிகடுகம் என்கிறோம். உறைப்புக்கு அங்கிருந்து ஒரு பெயர் வேண்டியிருந்தால் கடு கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. அதை விட்டுவிட்டு க்ஷாரத்தை ஏன் எடுக்க வேண்டும்?

லெக்சிகனுக்குத் துணை நிற்கும் சான்று ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. சரக சங்கிதையின் சூத்திரத்தானம் 26ஆம் அதிகாரத்தில் சுவைகள் எத்தனை என்று முனிவர்கள் வாதிடுகிறார்கள். விதேக மன்னன் நிமி க்ஷாரத்தையும் சேர்த்து ஏழு என்கிறான். ஆத்திரேயர் மறுக்கிறார்: க்ஷாரம் சுவையன்று, பொருள், பல சுவைகள் உடையது, அவற்றுள் கடுவும் உவர்ப்பும் மிகுதி. க்ஷாரத்தில் உறைப்பு இருப்பதாக இங்கே ஒப்புக்கொள்ளப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அதே வாக்கியம் கடுவை க்ஷாரத்திலிருந்து பிரித்தும் காட்டுகிறது. உறைப்புக்கு க்ஷாரம் என்று பெயரிடும் வழக்கம் அங்கே இல்லை.

தமிழிலோ ‘கார்’ என்னும் வினையே உண்டு. அறுசுவையில் ஒன்றான கார்ப்பு அதன் பெயர். அதற்கு இனமாகத் தோன்றுவது ‘கரி’. உப்பு கூடினால் கரிக்கிறது; புகை பட்டால் கண்ணும் கரிக்கிறது. உறுத்தும் எரிச்சலே அடிப்பொருளாக இருந்திருக்க வேண்டும். கார்ப்பின் காரமும் க்ஷாரத்தின் காரமும் ஒலியால் நெருங்கி, பின்னர் ஒரே சொல்லாகக் கலந்தன என்பது என் கருத்து.

முன்பு திருவிதாங்கூரிலும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த நாஞ்சில் நாடு இக்கலப்புக்கு முந்தைய நிலையை ஊகிக்க உதவுகிறது. மேற்கே மலையாளத்தில் அப்பக்காரம் என்றால் சமையல் சோடா, உறைப்புக்கு எரிவு. கிழக்கே காரம் என்றாலே மிளகாய்தான். இடைப்பட்ட நாஞ்சில் சமையற்கட்டில் எரிப்பும் உறைப்பும் வழங்குகின்றன. நாகர்கோவில் பக்கத்து ‘நல்லமிளகு’ இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. போர்த்துகீசியர் வழியே மிளகாய் வந்து மிளகின் பெயரிலும் பங்கு கேட்டபின், பழைய மிளகைப் பிரித்தறிய ‘நல்ல’ என்ற அடை தேவைப்பட்டிருக்கும். புதுப்பொருள் நுழைந்தபோது சுவைச்சொற்களும் இடம் மாறின என்பதற்கு இது தடயம்.

மலையாளக் காரத்தில் உறைப்புப் பொருள் ஓங்காமல் போனதற்கு எரிவு அந்த இடத்தை முன்பே நிரப்பியதும் காரணமாகலாம். ஆகவே மலையாளச் சான்றை அளவுக்கு மீறி நீட்ட விரும்பவில்லை. இரு காரங்களும் கலந்தது மிளகாய்க்கு முன்னா பின்னா என்பதையும் இப்போதைக்கு அறுதியிட இயலாது. பின் என்றே எண்ணத் தோன்றுகிறது.