ஒற்றைத் தண்டவாளமும் மிதிவண்டியும்

போடிநாயக்கனூருக்கு வடமேற்கே, குரங்கணிக்கு மேல் மலை செங்குத்தாய் எழுகிறது. அதன் உச்சியிலுள்ள டாப் ஸ்டேஷன் என்னும் ஊர்ப்பெயரில் ஒரு ரயில் நிலையம் ஒளிந்திருப்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே இவ்வுச்சிவரை ஒற்றைத் தண்டவாளம் ஒன்று இடப்பட்டது. அதில் வந்த தேயிலை, கம்பிவடப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டிகளில் போடியை அடைந்தது.

ஈவிங் முறை எனப்பட்ட அப்பாதையில் வண்டிகளை இழுத்தவை காளைகள். எடையில் பெரும்பங்கைத் தண்டவாளத்தின் மேலோடும் சிறு சக்கரங்கள் தாங்கின. பக்கவாட்டில் நீட்டிய பெரிய சக்கரம் ஒன்று தரையில் உருண்டு வண்டியைக் கவிழாமல் காத்தது. மிதிவண்டியும் ஒற்றைக் கோட்டில்தானே ஓடுகிறது? அதற்கு மட்டும் ஏன் பக்கச் சக்கரம் வேண்டாம்?

சுழலும் சக்கரம் பம்பரம்போல் நிமிர்ந்து நிற்கிறது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை. டேவிட் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேயர், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அவ்விளைவை நீக்கிய பின்னும் மிதிவண்டியை ஓட்டிக்காட்டி, 1970இல் கட்டுரையாக எழுதினார். முன்கவையின் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் சக்கரம் தரையில் படுகிறது. இவ்வமைப்பே நிலைப்புக்குக் காரணம் என்றார் அவர். 2011இல் டச்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் நீக்கி ஒரு வண்டி செய்தனர். தள்ளிவிட்டால் அதுவும் ஆளின்றி நிமிர்ந்தே ஓடிற்று! எடை எங்கே அமைந்திருக்கிறது என்பதும் நிலைப்பைத் தீர்மானிக்கிறது என்று அதனால் விளங்கிற்று. காரணங்கள் பல, காரியம் ஒன்று: சாயும் பக்கமே முன்சக்கரம் திரும்பி, விழும் உடலுக்கு அடியில் வண்டியைக் கொண்டு சேர்க்கிறது. 1817இல் டிரைஸ் என்னும் ஜெர்மானியர் தம் மரவண்டியின் முன்சக்கரத்தைத் திரும்பும்படி அமைத்ததே இதற்கு அடித்தளம்.

கைப்பிடியை அசையாமல் கட்டிவிட்டால் தேர்ந்தவனும் விழுவான். தண்டவாளம் செய்வதும் அதுவே. சக்கரத்தைத் திரும்ப விடாது. ஆகவே குண்டளை வண்டிக்கு ஊன்றுகோல் வேண்டியதாயிற்று. போடிமெட்டு ஏற்றத்தில் வேகம் குறைந்ததும் கைப்பிடி இருபுறமும் அலைவதற்கும் இந்நெறியே காரணம். திருப்பம் வண்டியைத் தாங்க வேகம் வேண்டும். இறங்கித் தள்ளுவோரைக் கோழைகள் என்று நாம் எண்ணலாகாது.

பாட்டியாலாவில் 1907இல் தொடங்கிய இதே முறை ரயிலின் எஞ்சின் டில்லி அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. அதற்கு ஐந்தாண்டு மூத்த குண்டளை வண்டியையோ நம் மாணவர்க்கு எடுத்துச் சொல்வார் அரியர். 1908இல் அங்கே இரட்டைத் தண்டவாளம் வந்தது. பக்கச் சக்கரத்தின் தேவை ஒழிந்தது. 1924இன் பெருவெள்ளம் அப்பாதையையும் அழித்தது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்து சேர்ந்ததோ 1928இல்தான்.