தோட்டத்து வானில் பறந்த தும்பி



ஹெலிகாப்டர் என்றதும் பலருக்குப் போர்தான் நினைவுக்கு வரும். அதற்கு இன்றைய வடிவம் கொடுத்த மனிதரை நம் பேராக் மாநிலத்தோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவே நான் வந்திருக்கிறேன். அவர் பெயர் ஈகோர் சிக்கோர்ஸ்கி.

1889இல் கீவ் நகரில் பிறந்த அவர், 1909இலும் 1910இலும் இரண்டு ஹெலிகாப்டர்களைச் செய்து பார்த்தார். முதலாவது எழவே இல்லை. இரண்டாவது தன் எடையைத் தூக்கியது, ஆளைத் தூக்கவில்லை. அந்தக் கனவை ஒதுக்கி வைத்துவிட்டு விமானம் கட்டப் போனார். 1913இல் நான்கு எஞ்சின் விமானத்தைப் பறக்கவிட்டுப் புகழ் பெற்றார். பிறகு வந்தது ரஷ்யப் புரட்சி. 1919இல் அமெரிக்காவில் கால் வைத்தபோது அவருக்கு வேலையில்லை. உடன் குடியேறியவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். 1923இல் ஒரு கோழிப் பண்ணையில் மீண்டும் விமானத் தொழிலைத் தொடங்கினார். கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளான நமக்கு இந்தக் கதை அந்நியமா, சொல்லுங்கள்?

1939 செப்டம்பர் 14ஆம் நாள், முப்பது ஆண்டுக் கனவு தரையை விட்டு எழுந்தது. ஹெலிகாப்டரை முதலில் பறக்கவிட்டவர் அவரல்லர். பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் அவருக்கு முன்னோடிகள் உண்டு. ஆனால் மேலே சுழலும் பெரிய விசிறி, உடற்பகுதியை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும் அல்லவா? வாலில் ஒரு சின்ன விசிறியை வைத்து அவர் அதை அடக்கினார். இன்றும் பெரும்பாலான ஹெலிகாப்டர்களுக்கு அதே அமைப்புதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1948 ஜூன் 16ஆம் நாள், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீடித்தது. தோட்ட மக்கள் முள்வேலிக்குள் அடைபட்டார்கள். பால் வெட்டப் போகிறவர் சோறு கொண்டு போகக்கூடக் கட்டுப்பாடு. காட்டில் காயம்பட்டவரை ஆட்கள் சுமந்து வெளியே கொண்டுவர நாள் கணக்கில் ஆகும். வழியிலேயே உயிர் போகும்.

1950இல் காயம்பட்டவர்களை ஏற்றிவரச் சிங்கப்பூரில் ஒரு சிறு ஹெலிகாப்டர் பிரிவு அமைந்தது. அது பயன்படுத்திய 'டிராகன்ஃபிளை', அதாவது தும்பி, சிக்கோர்ஸ்கியின் வடிவமைப்பைக் கொண்டு பிரிட்டனில் கட்டப்பட்டது. நாள் கணக்கான பயணம் நிமிடக் கணக்காகச் சுருங்கியது. 1953இல் வந்த பெரிய சிக்கோர்ஸ்கி ஹெலிகாப்டர்கள், சண்டையிடும் வீரர்களையும் காட்டுக்குள் இறக்கின. உயிர் காத்ததும் போருக்கு உதவியதும் ஒரே இயந்திரம்தான். இரண்டையும் சொல்வதுதான் வரலாறு.

அதன் பிறகும் அவர் பெயர் நம்மை விட்டுப் போகவில்லை. 1968 முதல் 2020 வரை நம் விமானப்படையில் பறந்த 'நூரி'யும் சிக்கோர்ஸ்கி நிறுவனத்தின் தயாரிப்பே. மீட்புப் பணிகளில் அது காப்பாற்றிய உயிர்கள் பல. விபத்துகளில் பறிபோன உயிர்களும் உண்டு. 1972இல் மறைந்த சிக்கோர்ஸ்கி, தம் இயந்திரம் மனித உயிர்களைக் காத்ததையே பெரும் பேறாகக் கருதியவர்.

நேயர்களே, எந்த ஹெலிகாப்டர் எந்த ஆண்டு வந்தது என்பதைப் படை ஆவணங்கள் சொல்லும். அந்தச் சத்தம் கேட்டு லயத்து வாசலில் நின்ற நம் மக்கள் பயந்தார்களா, நிம்மதி அடைந்தார்களா என்பதை அவை சொல்லா. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அன்று சிறுவர்களாய் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிய வயது. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் இந்த வாரமே கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். கண்டுபிடித்தவரை உலகம் நினைத்துக்கொள்ளும். கண்டவர்களை நாம்தான் நினைக்க வேண்டும்.