மணலில் எழுதிப் பழகிய பாதிரியார்



போன வாரம் குடும்பத்தோடு தரங்கம்பாடி போயிருந்தோம். பேரப்பிள்ளைகள் டேனிஷ் கோட்டை மேல் ஏறிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ராஜ வீதியில் உள்ள புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் 36 வயதில் இறந்துபோன ஒரு ஜெர்மானியர். பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பற்றி எழுதத் தோன்றியது. நான் மதம் பேச வரவில்லை. என்னிடம் படித்தவர்களில் கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், மசூதிக்குப் போகிறவர்கள் எல்லோரும் உண்டு. ஒரு வாத்தியாராக எனக்குப் பிடித்த விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

1682-ல் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தார். நோஞ்சான் உடம்பு, அதனாலேயே படிப்பு தடைப்பட்டது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்ப விரும்பியபோது, இவரும் ஹென்ரிக் புளூட்சோ என்பவரும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1705 நவம்பரில் கப்பல் ஏறி, ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து, 1706 ஜூலை 9-ந் தேதி வந்து சேர்ந்தார்கள். அப்போது சீகன்பால்குவுக்கு ஏறக்குறைய 24 வயது.

வரவேற்பு எதுவும் இல்லை. வியாபாரத்துக்கு வந்த கம்பெனிக்குப் பாதிரிமார் வருவது பிடிக்கவில்லை. கோட்டைத் தளபதி இவர்களை வெகுநேரம் காக்க வைத்துவிட்டு, கடைசியில் நடுவீதியில் விட்டுவிட்டுப் போனார். யாரோ இரக்கப்பட்டு இடம் கொடுத்தார்கள்.

பேச வந்தவருக்குப் பாஷை தெரியாது. சொல்லிக்கொடுக்கப் புத்தகமும் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? எழுபது வயதான ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரை அழைத்து, பள்ளிக்கூடத்தைத் தங்கள் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு தாமும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுதினார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். பெரியவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். விரல் வளைந்துவிடும், மனசு வளையாது. அவருக்கு மனசும் வளைந்தது.

அந்தப் பெரியவருக்கு ஐரோப்பிய பாஷை எதுவும் தெரியாததால், எழுத்தைச் சொல்லித் தர முடிந்தது, அர்த்தத்தைச் சொல்ல முடியவில்லை. அதற்குப் போர்த்துக்கீசியம், டேனிஷ் எல்லாம் அறிந்த அழகப்பன் என்ற துபாஷி கிடைத்தார். இந்த அழகப்பனைத் தளபதி பிறகு ஊரைவிட்டே துரத்தினார். சொல்லிக்கொடுத்த குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்த ஆசிரியர் அவர்.

மிஷனரியின் ஒரு நாள் எப்படிப் போனது என்பதைச் சீகன்பால்குவே ஊருக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். காலை ஆறு மணிக்கு ஜெபமும் ஞானோபதேசமும். ஏழு மணிக்குத் தமிழ்ச் சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. எட்டு முதல் பன்னிரண்டு வரை, அதுவரை படித்திராத தமிழ் நூல்களைப் படிப்பது. பக்கத்தில் ஒரு வயதான புலவர் பொருள் சொல்ல, ஓர் எழுத்தர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். சாப்பாட்டு வேளையில் யாராவது வேதத்தை உரக்க வாசிப்பார்கள். வெயிலில் கொஞ்சம் ஓய்வு. மறுபடி பிள்ளைகளுக்கு உபதேசம், மறுபடி தமிழ். பொழுது சாய்ந்தபின் விளக்கு வெளிச்சத்தில் படித்தால் கண்ணுக்குக் கெடுதல் என்பதால், ஒருவர் ஓலைச்சுவடியை வாசிக்க இவர் கேட்டுக்கொண்டிருப்பார். நடை பிடித்துப்போன ஒரு நூலை நூறு தடவைகூட வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். 1708-ல் அவர் சேர்த்து வைத்திருந்த சொற்கள் 20,000. நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு அட்டவணையும் போட்டுவிட்டார். திருக்குறளும் அதில் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரை ஒரு மகான் ஆக்கிவிட வேண்டாம். வந்த புதிதில் அவர் செய்த ஒரு காரியத்தை அவரே எழுதியிருக்கிறார். ஒரு நாள் நடந்து போகும்போது ஒரு கோயிலில் இருந்த உருவங்கள் சிலவற்றைக் கீழே தள்ளி, சிலவற்றின் தலையை உடைத்தார். தங்களையே காத்துக்கொள்ள முடியாதவை என்று காட்டுவதற்காக. பார்த்துக்கொண்டிருந்த நம்மூர்க்காரர் ஒருவர் கோபப்படாமல் அவருக்கு விளக்கினார்: இவை சாமிகள் அல்ல, சாமியின் காவல்காரர்கள். உடைத்தது என்ன என்றுகூடத் தெரியாமல்தான் அவர் உடைத்திருக்கிறார்.

இரண்டு வருஷம் கழித்து அதே மனிதர் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். இவர்களை நாகரிகமில்லாதவர்கள் என்று நினைத்து வந்தேன், பாஷை தெரிந்து நூல்களைப் படித்த பிறகுதான் என் எண்ணம் தவறு என்று புரிந்தது என்ற பொருளில் எழுதினார். தம் விசுவாசத்தை அவர் விடவில்லை. விக்கிரக வணக்கம் தவறு என்றே கடைசி வரை நம்பினார். ஆனால் அறியாமல் பேசுவதை விட்டார். தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார். 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். தலையை உடைத்த கைதான் அதையும் எழுதியது.

இதற்கு நடுவே சிறைவாசம். ஒரு ஏழை விதவையின் வழக்கில் பரிந்து பேசப்போய், தளபதியின் கோபத்துக்கு ஆளாகி, 1708 நவம்பர் முதல் 1709 மார்ச் வரை நான்கு மாதம் கோட்டைக்குள் அடைபட்டார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருந்தார். விடுதலையாகி வந்து 1711-ல் அதை முடித்தார். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரமும், ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. வந்த எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் புத்தகம் முழுமையாயிற்று.

தெய்வங்களைப் பற்றிய நூலை ஹாலேவுக்கு அனுப்பினாரே, அங்கே என்ன சொன்னார்கள்? அஞ்ஞானத்தை வேரோடு களையத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்றார்கள். நூல் அச்சாகவில்லை. 1867-ல்தான் சென்னையில் வெளிவந்தது. 154 வருஷம்! பள்ளிக்கூடம், ஆலயம் என்று கட்டிக்கொண்டிருப்பதையும் கோபன்ஹேகனில் மிஷனை நிர்வகித்தவர்கள் கண்டித்து எழுதினார்கள். அது அவரை மிகவும் வாட்டியது. 1718-ல் பிரதிஷ்டையான ஆலயத்திலேயே, 1719 பிப்ரவரி 23-ல் இறந்தபின் அடக்கமானார். இங்கே கற்றுக்கொண்டதை அங்கே இருந்தவர்களுக்குப் புரியவைக்க அவரால் முடியவில்லை.

அந்த ஆலயத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என் முதல் பணியிடம் நினைவுக்கு வந்தது. கடலோரக் கிராமம். ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு போனேன். வயசு 22. இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் நாம்தான் சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பு. ஒரு நாள் காற்றின் பெயர்களைக் கேட்டேன். மேற்கிலிருந்து வீசுவது என்ன காற்று? மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து 'கச்சான்' என்றான். புத்தகத்தில் 'கோடை' என்றுதான் இருந்தது. நான் சிரித்துவிட்டுத் தப்பு என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அவன் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை.

கச்சான் என்பது மீனவர்கள் மேல்காற்றுக்கு வைத்திருக்கும் பெயர், காற்றை அவர்கள் என்னைவிட நூறு மடங்கு அறிந்தவர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. நான் உடைத்தது மண் உருவம் அல்ல. மணலில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள சீகன்பால்குவுக்கு இரண்டு வருஷம் போதுமாக இருந்தது. எனக்கு அதைவிட நாளாயிற்று.

அந்தப் பையன் இன்று சொந்தப் படகு வைத்திருக்கிறான். இந்தப் பதிவையும் படிப்பான்.

தம்பி, கச்சான் சரிதான். அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சார்