கம்பியின் கணக்கு வந்த வழி

1785-ல் பாரிஸில் கூலும் என்ற இயற்பியலாளர் முறுக்குத் தராசை வைத்து அளந்து சொன்னது புள்ளிக்கான விதி: தொலைவு இரண்டு மடங்கானால் மின்விசை நாலில் ஒன்றாகும். மின்னூட்டம் பரவிய கம்பிக்கு அது நேராகப் பொருந்தாது. கம்பியைத் துணுக்கு துணுக்காக்கி, ஒவ்வொன்றின் புலத்தையும் திசையோடு கூட்ட வேண்டும். விடை வரும், பக்கமும் நிறையும்.

வழியைச் சுருக்கியவர் நாட்டிங்காமில் காற்றாலையில் மாவரைத்த ஜார்ஜ் கிரீன். பள்ளிக்குப் போனது ஏறக்குறைய ஒரு வருடம்தான். 1828-ல் சந்தா சேர்த்து வெளியிட்ட நூலில் மின்னழுத்தத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார். அழுத்தத்துக்குத் திசை கிடையாது, வெறும் எண்ணாகக் கூட்டிவிடலாம். நூலைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் 1841-ல் இறந்தார். 1845-ல் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் கையில் அது கிடைத்த பிறகே உலகம் படித்தது.

சீராக மின்னூட்டம் பரவிய கம்பிக்கு இந்த வழியில் போனால் அழகான ஒன்று தெரியும். ஒரு புள்ளியின் அழுத்தம், கம்பியின் இரு முனைகளிலிருந்தும் அதற்குள்ள தூரங்களின் கூடுதலை மட்டுமே பொறுத்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் இரண்டு முளை அடித்து, தொய்வான கயிற்றை இரண்டிலும் கட்டி, ஒரு குச்சியால் விறைப்பாக இழுத்துக்கொண்டே கோடு போடுங்கள். வருவது நீள்வட்டம். ஒரு முளையிலிருந்து மறு முளை வரை கம்பி கிடந்தால், அந்தக் கோடு முழுக்க ஒரே அழுத்தம். மின்புலம் அதற்குச் செங்குத்து. கயிற்றின் இரு பகுதிகளுக்கும் நடுவிலுள்ள கோணத்தைச் சரிபாதியாக்கும் திசை அது. தொகையீடே போடாமல் திசை கையில் வந்துவிடுகிறது!

பிளஸ் டூ நிலைமின்னியல் பாடத்தில் காஸ் விதிப்படி முடிவிலா நீளக் கம்பிக்கு நாலு வரியில் விடை வருகிறது. முடிவுள்ள கம்பியோ நுழைவுத்தேர்வுப் பயிற்சியில் மனப்பாடச் சூத்திரமாகிவிடுகிறது. எனக்கு இதில் வருத்தம்தான், ஏனென்றால் இரண்டுக்கும் உள்ள உறவு அவ்வளவு தெளிவானது. 2 மீட்டர் கம்பியின் நடுவிலிருந்து 10 செ.மீ. விலகினால் முடிவிலாக் கம்பியின் விடையில் அரை சதவீதம்தான் குறையும். 1 மீட்டரில் 29 சதவீதம் குறைந்துவிடும். 10 மீட்டரில் கம்பி ஏறக்குறைய ஒரு புள்ளி. அங்கே கூலும் விதியே அரை சதவீதத்துக்குள் போதும்.

முடிவுள்ள கம்பியின் கணக்கு நடைமுறைக்கும் வந்தது. 1974-ல் சிங்கர், ஸ்டெய்ன்பிக்லர், வைஸ் மூவரும் உயர் மின்னழுத்தக் கருவிகளின் புலத்தைக் கணினியில் கணக்கிட ஒரு முறை தந்தார்கள். கருவிக்குள் கற்பனையாகப் புள்ளிகள், வளையங்கள், முடிவுள்ள கோடுகள் ஆகிய மின்னூட்டங்களை வைத்து, மேற்பரப்பில் அழுத்தம் சரியாக வரும்படி அவற்றின் அளவைக் கணக்கிடுவது அந்த முறை. மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டரில் புலம் எங்கே கூர்மையாகிறது என்று பார்க்க இது உதவுகிறது. வேதாரண்யத்து உப்புக்காற்று படியும் இந்தக் கடலோரத்தில் அது தெரிந்தே ஆகவேண்டிய விஷயம்.