பாங்கு பிறந்த கதை

பாங்கின் வாசகங்கள் குர்ஆனில் இல்லை. தொழுகைக்கு அழைப்பதைப் பற்றிய குறிப்பு அதில் இரண்டு இடங்களில் வருகிறது. என்ன சொல்லி அழைப்பது என்பது வரவில்லை. பலமான ஹதீஸ்களின்படி, அந்த வாசகங்கள் மதீனாவாசி ஒருவரின் கனவில் வந்தவை. கனவுக்கு முன்னால் ஓர் ஆலோசனை நடந்தது. யூதர்களின் கொம்பும் கிறிஸ்தவர்களின் தட்டுப்பலகையும் அதில் பேசப்பட்டன. தன் இரண்டு மூத்த மார்க்கங்களிடமிருந்து இஸ்லாம் எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டது என்று பெரிய பெரிய நூல்கள் வந்திருக்கின்றன. எனக்கு அந்த ஓர் ஆலோசனையே போதுமானதாகத் தோன்றுகிறது.

மக்காவில் இருந்தவரை பாங்குக்கு வழியில்லை. ஒளிந்து தொழுதவர்கள் ஊரைக் கூட்டி அழைக்க முடியாது. ஐவேளைத் தொழுகை அங்கேயே கடமையாகிவிட்டது. அதற்கும் ஒரு மூத்தவரின் கை உண்டு. மிஃராஜ் என்ற விண்பயணத்தில் 50 வேளையாக விதிக்கப்பட்டதைக் குறைத்துக் கேட்கும்படி நபிகள் நாயகத்தைத் (ஸல்) திரும்பத் திரும்ப அனுப்பியவர் மூஸா (அலை). என் சமுதாயத்தை வைத்துப் பார்த்தவன் நான், உங்கள் மக்களால் தாங்க முடியாது என்பது அவர் வாதம். 5-க்கு வந்தபிறகும் அவர் இன்னொரு முறை போகச் சொன்னார், நபிக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

622-இல் மதீனாவுக்கு வந்ததும் பள்ளி எழுந்தது. மண்கல் சுவர், பேரீச்ச மரத் தூண்கள், மேலே கீற்று. தொழுகை நேரத்தை அவரவர் உத்தேசமாகக் கணித்து வந்து கூடினார்கள். தோட்டத்தில் நீர் இறைப்பவருக்கும் சந்தையில் பேரம் பேசுபவருக்கும் நிழலின் நீளம் ஒன்றுபோலத் தெரிவதில்லை. கூட்டம் பெருகப் பெருக இது சரிப்படவில்லை. என்ன செய்யலாம் என்று நபி தோழர்களிடம் கேட்டார்கள்.

ஒருவர் கொடி ஏற்றலாம் என்றார். நெருப்பு மூட்டலாம் என்ற யோசனையும் வந்தது. பிறகு கொம்பு, அதன்பின் நாகூஸ் என்ற தட்டுப்பலகை.

கொம்பை அவர்கள் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. கைனுகா, நளீர், குறைழா என்று மூன்று பெரிய யூதக் குலங்கள் அதே ஊரில் இருந்தன. அழைப்பொலி யூத மார்க்கத்தில் மிகப் பழையது. தவ்ராத்தின்படி, வெள்ளியை அடித்து இரண்டு எக்காளங்கள் செய்யும்படி மூஸாவுக்குக் கட்டளை வந்தது. சபையைக் கூட்டவும் பாளையத்தைக் கிளப்பவும் அவற்றை ஊதுவார்கள். ஊதும் உரிமை ஹாரூனின் (அலை) வழிவந்த குருமாருக்கு மட்டும். ஜெருசலேம் ஆலயத்தின் உச்சியில் ஒரு குரு நின்று எக்காளம் ஊதி, சனிக்கிழமை ஓய்வுநாள் தொடங்குவதை வெள்ளி மாலையில் ஊருக்கு அறிவிப்பார் என்று யோசேபஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். 1968-இல் பெஞ்சமின் மசார் என்ற தொல்லியலாளரின் குழு ஆலய வளாகத்தின் தென்மேற்கு மூலையில் தோண்டியபோது, ரோமர்கள் தள்ளிவிட்ட இடிபாடுகளுக்கிடையே ஒரு கல் கிடைத்தது. எக்காளம் ஊதும் இடம் இது என்ற பொருளில் அதில் எபிரேய எழுத்துகள் இருந்தன, மிச்சம் உடைந்துபோயிருந்தது.

ஆலயம் போனபிறகும் வழக்கம் போகவில்லை. பாபிலோனியத் தல்மூது வெள்ளி மாலைக்கு ஆறு ஊதல்களைச் சொல்கிறது. முதல் ஊதலில் வயலில் இருப்பவர் மண்வெட்டியைக் கீழே வைப்பார். இரண்டாவதில் கடைகள் மூடும். மூன்றாவதில் வீட்டு விளக்கை ஏற்ற வேண்டும். ஜும்ஆ நாளில் அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட்டுவிட்டு விரையச் சொல்லும் குர்ஆனின் கட்டளையை ஓதுகிறவருக்கு அந்த இரண்டாவது ஊதல் அந்நியமாகத் தெரியாது. ஆனால் குர்ஆன் அடுத்த வசனத்திலேயே தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிப் போய்ப் பிழைப்பைத் தேடச் சொல்லிவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஓய்வுநாள் ஆகவில்லை. கடை மறுபடி திறக்கும்.

நாகூஸைத் தமிழில் பல நூல்கள் மணி என்று எழுதுகின்றன. அன்றைய அரபுகள் அறிந்திருந்தது வார்ப்பு மணி அல்ல. நீண்ட மரப்பலகை ஒன்றைச் சுத்தியால் தட்டும் கருவி. ஷாம் (சிரியா) நாட்டுக்குச் சரக்கோடு போன வணிகர்கள் வழியெங்கும் மடாலயங்களில் அதைக் கேட்டிருப்பார்கள். அபிசீனியாவில் அடைக்கலம் பெற்று இருந்தவர்களுக்கும் கிறிஸ்தவர்களின் வழிபாடு தெரியும். கிரேக்க நாட்டு அதோஸ் மலைத் துறவிகள் இன்றும் பலகை தட்டித்தான் பூசைக்குக் கூடுகிறார்கள்.

மேடைகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது, யூதர்களுடையது என்பதால் கொம்பு வேண்டாம், கிறிஸ்தவர்களுடையது என்பதால் நாகூஸ் வேண்டாம் என்று நபி மறுத்துவிட்டார்கள் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். அப்படியும் ஓர் அறிவிப்பு அபூதாவூத் ஹதீஸ் நூலில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே நூலில், கனவு கண்டவரே சொல்லும் அறிவிப்பு வேறுவிதமாகத் தொடங்குகிறது: தொழுகைக்கு மக்களைக் கூட்ட நாகூஸ் செய்யும்படி நபி உத்தரவிட்டிருந்த சமயம் அது என்று. வேறு வழி அமையாததால் மனமில்லாமல் பலகைக்கு ஒப்பினார்கள் என்று இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்கள் உண்டு. எப்படி வாசித்தாலும், மதீனாவின் பள்ளியில் பலகை ஒலிப்பதற்கு ஒரே ஓர் இரவுதான் குறுக்கே நின்றது.

அந்த முதல் ஆண்டுகளின் போக்கைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. தனக்குக் கட்டளை வராத விஷயங்களில் வேதக்காரர்களை ஒத்திருப்பதை நபி விரும்பினார்கள் என்று புகாரியில் இருக்கிறது. தலைமுடியைக்கூட முதலில் அவர்களைப் போலத் தொங்கவிட்டிருந்தார்கள், வகிடெடுத்தது பின்னால். மதீனா யூதர்கள் ஆஷுரா நோன்பு பிடிப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். மூஸா காப்பாற்றப்பட்ட நாள் என்றார்கள் யூதர்கள். மூஸாவுக்கு உங்களைவிட நாங்கள் நெருக்கமானவர்கள் என்று சொல்லி நபியும் நோற்றார்கள். தொழும் திசையான கிப்லாவும் ஜெருசலேமின் பைத்துல் முகத்தஸ்தான். மதீனாவுக்கு வந்து 16 அல்லது 17 மாதங்கள் கழித்தே கஃபாவின் பக்கம் திரும்பக் கட்டளை வந்தது. கொம்பா பலகையா என்று பேசிக்கொண்டிருந்த நாள்களில் அவர்கள் முகம் திருப்பித் தொழுதது எக்காளக் கல் புதைந்துகிடந்த அந்த நகரத்தை நோக்கி.

ஒத்துப்போவதும் விலகுவதும் இப்படிக் கலந்தே நடந்தன. விலகல் மட்டும்தான் நடந்தது என்பதுபோலப் பேசுவது பிற்காலத்துப் பழக்கம்.

அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) கஸ்ரஜ் குலத்து அன்ஸாரி. நபி முகத்தில் கண்ட கவலை மனதை அரிக்க, வீடு போய்ப் படுத்தார். கனவில் பச்சை ஆடை உடுத்த ஒருவர் கையில் நாகூஸோடு போகிறார். இதை விற்பீர்களா என்று இவர் கேட்கிறார். வாங்கி என்ன செய்வாய் என்கிறார் அவர். தொழுகைக்கு ஆளைக் கூப்பிட என்கிறார் இவர். இதைவிட நல்லதைச் சொல்லித் தரட்டுமா என்று கேட்டுவிட்டு அந்த மனிதர் பாங்கின் வாசகங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சற்றுத் தள்ளிப் போய் நின்று, தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்தையும் சொல்கிறார். பச்சை ஆடைக்காரர் வெறுங்கையோடு வரவில்லை என்பது எனக்குப் பிடித்த இடம். பலகையைக் கையில் வைத்துக்கொண்டேதான் அதைவிட நல்லது இருப்பதாகச் சொன்னார்; பலகையை இகழ்ந்து ஒரு சொல் இல்லை.

பொழுது விடிந்ததும் அப்துல்லாஹ் ஓடிப்போய்ச் சொன்னார். உண்மையான கனவு என்று ஏற்ற நபி, இதை பிலாலுக்குச் சொல்லிக்கொடு, உன்னைவிட அவர் குரல் வளமானது என்றார்கள். கனவு கண்டவருக்குக் கூவும் வாய்ப்புக் கிடைக்கவில்லை! பிலாலின் குரல் வீட்டுக்குள் கேட்டதும், தோளாடை தரையில் இழுபட உமர் (ரலி) வெளியே வந்தார். அதே கனவைத் தாமும் கண்டதாகச் சொன்னார். ஏன் முன்பே சொல்லவில்லை என்பதற்கு, இவர் முந்திக்கொண்டார், எனக்குக் கூச்சமாகிவிட்டது என்று பதில் சொன்னதாக ஓர் அறிவிப்பு. உமருக்குக் கூச்சம் வந்த சந்தர்ப்பங்கள் வரலாற்றில் அதிகம் இல்லை. ஓர் ஆளை அனுப்பிக் குரல் கொடுக்கச் சொன்னால் என்ன என்று ஆலோசனையிலேயே கேட்டவரும் அவர்தான் என்கிறது புகாரி. இது ஹிஜ்ரி முதலாம் ஆண்டு.

கொம்பும் பலகையும் ஒலிதான். கேட்பவருக்கு ஏற்கெனவே பொருள் தெரிந்திருக்க வேண்டும். பாங்கு வாய்விட்டுச் சொல்கிறது: இறைவனின் பெருமையை, அவனைத் தவிர வணங்கத்தக்கது வேறில்லை என்பதை, முஹம்மது அவன் தூதர் என்பதை, அதன்பிறகே தொழுகைக்கு வா, வெற்றிக்கு வா என்று கூப்பிடுகிறது. மதீனாவின் யூதர் ஒருவர் தன் வாசலில் நின்று அதைக் கேட்டிருந்தால் முதல் பகுதி அவருக்கு உறுத்தியிருக்காது. இறைவன் ஒருவனே, கேள் இஸ்ரவேலே என்று காலையும் மாலையும் அவர் ஓதுவதும் அதையே. தூதரின் பெயர் வரும் இடத்தில் அவர் நின்றுவிடுவார். கிறிஸ்தவர் ஒருவருக்கும் ஒரே இறைவன் என்பதில் மறுப்பில்லை. ஆனால் மகனையும் பரிசுத்த ஆவியையும் விலக்கிவைக்கும் அர்த்தத்தில் அது சொல்லப்படுகிறது என்று தெரிந்ததும் அங்கேயே தயங்குவார். மூன்று மார்க்கங்களும் எங்கே சேர்ந்து நடக்கின்றன, எங்கே பிரிகின்றன என்பது சில வரிகளில் தினமும் ஐந்து தடவை தெருவில் சொல்லப்பட்டது. எங்கள் பார்வையில் அது புதிய கொள்கை அல்ல. இப்ராஹீமும் மூஸாவும் ஈஸாவும் சொன்னதை மறுபடி சொல்வது. அந்த யூதர், கிறிஸ்தவர் பார்வையில் அவர்கள் தயங்கிய அந்த இடங்கள்தான் எல்லாப் பிரச்சினையும். இதை மழுப்பிச் சமரசம் பேசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

எக்காளத்துக்கு ஹாரூனின் வம்சம் வேண்டியிருந்தது. பாங்குக்கு வந்து நின்றது அபிசீனிய வழிவந்த ஒரு முன்னாள் அடிமை. மக்காவில் உமைய்யா இப்னு கலஃப் சுடுமணலில் கிடத்தி மார்பில் பாறையை வைத்தபோதும், இறைவன் ஒருவன் என்ற ஒரே சொல்லை விடாமல் சொன்னவர் பிலால் (ரலி). அபூபக்ர் (ரலி) அவரை வாங்கி விடுவித்தார். அன்றைய மதீனாவில் மினாரா கிடையாது. பள்ளியை ஒட்டி, சுற்றுவட்டத்தில் உயரமான வீடு பனூ நஜ்ஜார் குலத்துப் பெண்மணி ஒருவருடையது. பிலால் விடியலுக்கு முந்தைய ஸஹர் நேரத்திலேயே வந்து அந்த மாடியில் உட்கார்ந்து கிழக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அந்தப் பெண்மணியே சொல்லியிருக்கிறார். பாங்கு சொல்லும் இரண்டாவது மோதினார் இப்னு உம்மு மக்தூம் (ரலி) பார்வையில்லாதவர்; விடிந்துவிட்டது என்று யாராவது சொன்னபிறகே கூவுவார். சுபுஹு பாங்கில் தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று வரும் வாசகமும் பிலால் ஒருநாள் தாமாகச் சொன்னது, நபி அதை அப்படியே இருக்கட்டும் என்றார்கள் என்று ஓர் அறிவிப்பு இருக்கிறது.

630-இல் மக்கா கைவந்ததும் பிலாலைக் கஃபாவின் மேலே ஏறிப் பாங்கு சொல்லச் செய்தார்கள். குறைஷிப் பெரியவர்கள் சிலருக்கு அது தாங்கவில்லை. அதே காலத்தில் அபூமஹ்தூரா என்ற மக்கத்து இளைஞர் நண்பர்களோடு சேர்ந்து பாங்கைக் கேலியாகக் கூவிக்காட்டினார். நபி கூப்பிட்டனுப்பினார்கள். கூவியவர்களில் நல்ல குரல் யாருடையது என்று பார்த்தார்கள்; இவருடையதுதான். முறையாகச் சொல்லிக்கொடுத்து, கையில் வெள்ளி முடிப்பையும் கொடுத்து மக்காவின் மோதினாராக்கிவிட்டார்கள்.

பலகை வேண்டாம் என்றானபின் பலகைக்காரர்களோடு உறவு அறுந்துவிடவில்லை. நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவுக்கு மதீனாப் பள்ளியிலேயே வழிபாட்டு நேரம் வந்துவிட்டது. விடுங்கள் என்றார்கள் நபி. அவர்கள் கிழக்கு நோக்கி நின்று தங்கள் பிரார்த்தனையை முடித்தார்கள் என்று இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். ஈஸாவைப் பற்றிய வாதம் அதே பயணத்தில் கடுமையாகத்தான் நடந்தது.

கருவி வேண்டாம் என்ற முடிவும் பின்னால் முழுதாக நிற்கவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் பாங்குக்கு முன் நகரா முரசு முழங்கிய காலம் உண்டு. சில இடங்களில் இன்னும் முழங்குகிறது. கூடாது என்பவர்களும், அது பாங்கல்ல, ஊருக்கு நேரம் சொல்வது என்பவர்களும் ஜமாஅத் கூட்டங்களில் மோதிக்கொண்டதுண்டு. ஒலிபெருக்கி வந்தபோது அதற்கும் ஒரு சுற்று வாதம் நடந்தது.

மினாரா வந்தது ஷாமிலிருந்து. டமாஸ்கஸில் யஹ்யா (அலை) பெயரில் இருந்த தேவாலயத்தின் இடத்தில் கலீஃபா வலீத் 706-இல் பெரிய பள்ளியைக் கட்டத் தொடங்கினார். அங்கே ஏற்கெனவே நின்ற மூலைக் கோபுரங்கள் பாங்கு சொல்லும் இடங்களாயின. யஹ்யாவின் தலை அடக்கமானதாக நம்பப்படும் இடம் தொழுகைக் கூடத்துக்குள்ளேயே இருக்கிறது; கிறிஸ்தவர்களும் வந்து பார்க்கிறார்கள். தென்கிழக்கு மினாராவுக்கு ஈஸாவின் பெயர். மறுமைக்கு முன் ஈஸா டமாஸ்கஸின் கிழக்கே வெள்ளை மினாராவருகே இறங்குவார் என்ற ஹதீஸை அதனோடு சேர்த்துச் சொல்வது அவ்வூர் வழக்கம். நபி காலமானபின் மதீனாவில் பாங்கு சொல்ல மனமில்லாமல் ஷாமுக்குப் போன பிலாலின் கடைசி நாள்களும் அந்த ஊரில்தான் கழிந்தன. அந்தப் பள்ளியில் பாங்கை ஒருவர் தனியாகச் சொல்வதில்லை. மோதினார்கள் சிலர் கூடி நின்று ஒரே குரலாகச் சொல்கிறார்கள். பிலால் காலத்தில் அப்படி இல்லை. ஆனாலும் டமாஸ்கஸ்காரர்கள் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.