முதல் துளிக் குருதி: ஜெட்டிகளின் திறனை எதைக்கொண்டு அளப்பது?

பெங்களூருவில் கலப்புத் தற்காப்புக் கலை பயிலும் முதுகலை மாணவர் ஒருவர், மைசூர்த் தசராவின் வஜ்ரமுஷ்டிக் காணொளியை அண்மையில் என்னிடம் காட்டினார். "அண்ணா, இவர்களிடம் தற்காப்பே இல்லையே? சில வினாடிகளில் முடிந்துவிடுகிறதே!" என்றார். அவர் கண்டது உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் எட்டிய முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

விஜயதசமியன்று, யானை ஊர்வலத்திற்கு முன்பாக, மைசூர் அரண்மனை முற்றத்தில் இரண்டு இணை ஜெட்டிகள் மோதுகின்றனர். மைசூர், பெங்களூரு, சென்னபட்டணா, சாமராஜநகர் ஆகிய ஊர்களின் ஜெட்டிக் குடும்பங்களிலிருந்து அவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். மழித்த தலை, வலக்கை விரல்களில் கூர்முனைகள் கொண்ட முஷ்டி ஆயுதம். இருவரில் ஒருவர் தலையில் குருதி கசிந்ததும் மோதல் நிறுத்தப்படும்.

இந்த ஒரு விதி போதும், திறன் என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. இன்றைய கூண்டுச் சண்டையில் சுற்று ஒன்றுக்கு 5 நிமிடம். 3 நடுவர்கள் மதிப்பெண் இடுகின்றனர். பயன் விளைவித்த அடியும் பிடியுமே முதலில் கணக்கில் வரும். அதில் இருவரும் சமமாக இருந்தால்தான் முன்னேறித் தாக்கும் முனைப்பும், அதன்பின் களத்தின் மீதான ஆளுகையும் பார்க்கப்படும். அங்கே ஒரு வீரர் நெற்றியில் சிறு கீறலை ஏற்றுக்கொண்டு, அந்த இடைவெளியில் எதிராளியின் காலைப் பற்றி வீழ்த்தலாம். அது புத்திசாலித்தனமான பேரம். வஜ்ரமுஷ்டியில் அந்தப் பேரத்திற்கு இடமே இல்லை. கீறல் விழுந்த கணத்தில் எல்லாம் முடிந்தது. மேலும், ஆயுதம் ஏந்திய வலக்கையால் எதையும் இறுகப் பற்ற முடியாது. எதிராளியின் ஆயுதக் கையைத் தடுப்பதும் பிடிப்பதும் இடக்கையின் வேலையாகிறது. நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் ஆற்றலோ, இன்றைய சடங்கில் சோதிக்கப்படுவதே இல்லை. சோதிக்கப்படாததை இல்லாதது என்று எழுதுவது வரலாற்று மாணவருக்கு அழகல்ல.

பழைய சான்றுகளும் இதே எச்சரிக்கையைத் தருகின்றன. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் மகாநவமி விழாவை விவரித்த போர்ச்சுகீசியர் நூனிஸ், கூர்முனை வளையங்களால் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்ளும் மல்லர்களைக் குறிப்பிடுகிறார். சீவெல் 1900இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின்படி, மிகுதியாகக் காயமுற்றவரே பட்டாடையைப் பரிசாகப் பெறுகிறார்! மொழிபெயர்ப்பை நம்பினால், அரசவையின் அளவுகோல் நம்முடையதற்கு நேர் எதிரானது. 'வென்றவர் யார்?' என்ற நம் கேள்வியே அங்கே பொருந்தாமல் போகலாம்.

இன்னும் பின்னே சென்றால், 1130ஐ ஒட்டி, கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் அமைந்த 'மானசோல்லாசம்'. அதன் மல்லவினோதப் பகுதி மல்லர்களை வயது, உடலளவு, வலிமை ஆகியவற்றால் வகைப்படுத்துகிறது. தூணைக்கொண்டு செய்யும் பயிற்சி உள்ளிட்ட உடற்பயிற்சிகளையும், அரசன் அளிக்கவேண்டிய பருப்பு, இறைச்சி, பால் முதலிய உணவையும் சொல்கிறது. பிடிகளின் பெயர்களையும் அடுக்குகிறது, ஆனால் ஒரு பிடி எவ்வாறு போடப்படும் என்று விளக்குவதில்லை. மல்லரைப் பேணும் அரசனுக்கான நூல் அது. பிடியைக் கற்பிக்கும் ஆசானுக்கானது அன்று. ஆகவே அக்கால மல்லரின் உடலைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரிகிறது; அவரது வித்தை கைநழுவிவிட்டது.

திப்புவின் காலத்து ஆங்கிலேயர் குறிப்புகள் நிலைமையை மேலும் சிக்கலாக்கின. அவற்றில் ஜெட்டிகள் பெரும்பாலும் மரண தண்டனையை நிறைவேற்றும் முரட்டு ஆட்களாகவே வருகின்றனர். வலிமை பதிவாயிற்று, நுட்பம் பதிவாகவில்லை. எழுதியவர்களுள் திப்புவின் சிறையில் கிடந்தவர்களும் உண்டு என்பதை மறந்து இவற்றை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகளைக் காணும்போது எனக்குச் சற்று எரிச்சல் வருவதுண்டு.

எஞ்சியிருப்பது கரடி மனை. (கன்னடத்தில் பயிற்சிக் கூடத்தின் பெயர் இது, நம் கரடிக்கும் இதற்கும் உறவில்லை.) செம்மண் களத்தில் மூத்தவர் இளையவரின் மணிக்கட்டைத் திருத்தும் அந்த அறிவு எந்தச் சுவடியிலும் ஏறவில்லை. அதைப் பதிவு செய்ய, காணொளியின் சில வினாடிகள் போதா. ஆண்டுக்கணக்கில் அங்கே அமர வேண்டும்.

வரும் விஜயதசமியன்று, தலையையும் ஆயுதத்தையும் விட்டுவிட்டு, இருவரின் இடக்கையை மட்டும் பார்க்குமாறு அம்மாணவரிடம் சொல்லியிருக்கிறேன்.