எபிட்ரா

எபிட்ரா என்பது வறண்ட நிலங்களில் வளரும் புதர்ச்செடிப் பேரினம். ஜிம்னோஸ்பெர்ம்கள் எனப்படும் திறந்தவிதைத் தாவரங்களுள் எபிட்ரேசியே குடும்பத்தின் ஒரே பேரினம் இது. இனங்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. 50 முதல் 70 வரை என்பது பெரும்பாலோர் தரும் கணக்கு. பார்த்தவுடன் இலையே இல்லாத பச்சைத் துடைப்பம் என்றுதான் தோன்றும். கிட்டத்தில் பார்த்தால் கணுவுக்குக் கணு இரண்டு அல்லது மூன்று சிறு செதில்கள் தண்டைச் சுற்றி ஒட்டியிருப்பது தெரியும். அவையே இலைகள். அவை சீக்கிரமே காய்ந்து பழுப்பேறிவிடுவதால் உணவு தயாரிக்கும் வேலை வரியோடிய பச்சைத் தண்டின் பொறுப்பாகிறது. பெரும்பாலான இனங்களில் ஆண் கூம்பும் பெண் கூம்பும் தனித்தனிச் செடிகளில் வரும்.

இதன் உறவுமுறை நெடுநாள் வழக்கு. நீட்டம் (Gnetum) என்ற பேரினம், நமீப் பாலைவனத்து வெல்விட்சியா ஆகிய இரண்டும் இதன் நெருங்கிய உறவுகள் என்பதில் கருத்துவேறுபாடு இல்லை. கட்டையில் சைலக்குழாய்கள் இருப்பதாலும் கூம்பின் அமைப்பாலும் இம்மூன்றும் பூக்கும் தாவரங்களுக்கு முன்னோடிகள் என முன்பு பலர் கருதினர். பூக்கும் தாவரங்களுக்குரிய இரட்டைக் கருவுறுதலின் ஒருவகை எபிட்ராவிலும் நடப்பதை 1990இல் வில்லியம் ஃபிரீட்மன் காட்டியபோது அக்கருத்துக்கு வலு கூடியது. பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் இவற்றைப் பைன் மரங்களின் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தன. சரியான இடம் எது என்பதில் இன்றும் முழு உடன்பாடு இல்லை.

ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா தொடங்கி ஈரான், மத்திய ஆசியா, மங்கோலியா, வட சீனா வரை ஒரு பட்டை. அமெரிக்காவின் தென்மேற்கும் மெக்சிகோவும் ஒரு பட்டை. ஈக்வடாரிலிருந்து ஆண்டீஸ் மலை வழியாகப் படகோனியா வரை மூன்றாவது பட்டை. பேரினத்தின் பரவல் பெரும்பாலும் இவ்வளவே. ஆஸ்திரேலியாவில் இல்லை. இமயத்தின் எபிட்ரா ஜெரார்டியானா சுமார் 5,000 மீட்டர் உயரம்வரை தரையோடு தரையாகக் கிடக்கும். வட ஆப்பிரிக்காவின் எபிட்ரா அல்டிசிமாவோ பக்கத்து மரங்களைப் பற்றி மேலேறும். கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கை ஒட்டிய இனத்துக்கு எபிட்ரா ஃபியூனேரியா என்று பெயர். அங்குள்ள ஃபியூனரல், அதாவது சவ அடக்க, மலைத்தொடரிலிருந்து வந்த பெயர் அது. செடியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பேரினத்தின் தொன்மைக்குச் சீனாவின் லியாவோனிங் பகுதியில் கிடைத்த, சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவங்கள் சான்று. இன்றுள்ள இனங்களோ மிகப் பிற்காலத்தில் கிளைத்தவை என்றே மரபணுக் கணக்குகள் பொதுவாகக் கூறுகின்றன.

மனிதர் இதை எப்போது பயன்படுத்தத் தொடங்கினர் என்பது தெளிவில்லை. ஈராக்கின் ஷானிதார் குகையில் நியாண்டர்தால் புதைகுழி ஒன்றில் எபிட்ரா மகரந்தம் கிடைத்தது. மண் தோண்டும் எலிகள் கொண்டுவந்திருக்கலாம் என மறுப்போர் உண்டு. மொராக்கோவின் தஃபோரால்ட் குகையில் சுமார் 15,000 ஆண்டுக்கு முந்தைய அடக்கத்துடன் கருகிய எபிட்ரா எச்சங்கள் கிடைத்ததாக 2024இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. சீனாவின் லோப் பாலைவனக் கல்லறைகளில் உடலோடு வைத்த எபிட்ராக் குச்சிகளை ஆரல் ஸ்டைன் கண்டார்.

வேதத்துச் சோமமும் பாரசீகத்து ஹவோமாவும் எபிட்ராவே என்பது நீண்டகால வாதம். 1880களில் ஆப்கான் எல்லைக் குழுவுடன் சென்ற தாவரவியலாளர் எய்ட்சிசன், ஹரிரூத் பள்ளத்தாக்கில் இச்செடியை மக்கள் 'ஹும்' என்ற சாயலில் அழைப்பதைப் பதிவுசெய்தார். ஜரதுஷ்டிரச் சடங்குகளில் இன்றும் இதன் குச்சியே இடிக்கப்படுகிறது. ஆனால் ஆய்வாளர் வாசன் 1968இல் சோமம் ஒரு காளானே என்று முன்வைத்தார். பிளாட்டரியும் சுவார்ட்சும் 1989இல் வேறொரு செடியை முன்வைத்தனர். துர்க்மெனிஸ்தானின் கோனூர் தொல்லிடத்தில் எபிட்ரா எச்சம் கிடைத்ததாகத் தொல்லியலாளர் சரியானிதி அறிவித்தார். அதே இடத்துப் பானைத்துண்டை மறுபடி ஆராய்ந்த கோரி பேக்கல்ஸ், 2003இல், அதில் பதிந்திருப்பது சிறுதானியம் என்றார். தென்னிந்திய வேள்விகளில் சோமத்துக்குப் பதிலாக இடிக்கப்படும் கொடிக்கள்ளி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

பெயர் கிரேக்க மூலமுடையது. லின்னேயஸ் 1753இல் அதை முறைப்படுத்தி எபிட்ரா டிஸ்டாக்கியாவை விவரித்தார். இச்செடி பிரான்சின் கடலோர மணல்மேடுகளில் சிவந்த உருண்டைகளோடு நிற்கும். அவ்வூரார் அதைக் கடல் திராட்சை என்பர். 1846இல் மேயரும் 1889இல் வியன்னாவில் ஓட்டோ ஸ்டாஃபும் பேரினத்தைத் தொகுத்தெழுதினர். ஸ்டாஃப் வகுத்த மூன்று பிரிவுகளுக்கு அளவுகோல் பெண் கூம்பின் செதில்: இறக்கைபோல் விரிந்து காய்ந்தது, இறக்கையின்றிக் காய்ந்தது, சதைப்பற்றாகிச் சிவந்தது. முதலாவது காற்றில் போகும். இரண்டாவதை எலிகள் சேமித்துப் புதைத்து மறந்துவிடும். மூன்றாவதைப் பறவைகள் தின்னும். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் எபிட்ரா ஃபிராஜிலிஸின் சிவந்த கூம்பைத் தின்று விதை பரப்புவது ஒரு பல்லி. இச்செதில் வடிவங்கள் ஒருமுறைக்கு மேல் தனித்தனியே தோன்றியிருப்பதாக மரபணுச் சான்று காட்டுவதால் ஸ்டாஃபின் பிரிவுகள் அப்படியே நிற்கவில்லை. ஆயினும் கையில் செடியோடு நிற்பவருக்கு அவரே இன்னும் துணை.

எபிட்ராவின் மருத்துவ வரலாறு நீண்டது. சீனாவில் 'மா ஹுவாங்' என்ற பெயரில் இது பழைய மருந்து. கி.பி. 200 அளவில் சாங் சோங்ஜிங் எழுதிய நூலில் இதனுடன் இலவங்கப்பட்டைக் குச்சி, வாதுமை இனக் கொட்டை, அதிமதுரம் சேர்த்த கஷாயம் வருகிறது. தண்டு வியர்வையைக் கிளப்பும், வேர் வியர்வையை நிறுத்தும் என்பது சீன வைத்தியர் துணிபு. வேரில் உள்ள வேதிப்பொருள்கள் உண்மையிலேயே வேறு. 1885இல் ஜப்பானின் நாகாய் நாகாயோஷி தண்டிலிருந்து எபிட்ரினைப் பிரித்தார். ஆனால் அதற்குக் கண்ணின் பாவையை விரிக்கும் குணம் மட்டுமே உண்டு என எண்ணப்பட்டது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு அது அலமாரியில் கிடந்தது.

பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் சென் கெஹுய் என்ற இளம் ஆய்வாளர், எந்தச் சீன மூலிகையை ஆராயலாம் என்று கேட்டபோது, அவருடைய மாமா மா ஹுவாங்கைச் சொன்னதாகக் கூறப்படுகிறது. மயக்கத்திலிருந்த நாய்க்கு அதன் கஷாயத்தை ஊசியில் செலுத்தியதும் இரத்த அழுத்தம் ஏறி நெடுநேரம் இறங்காமல் நின்றது. செயலுள்ள பொருளைப் பிரித்தபின்தான் நாகாய் முன்பே அதைக் கண்டிருந்தது தெரிந்தது. சென்னும் கார்ல் ஷ்மிட்டும் 1924இல் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகைத் திருப்பியது. அட்ரினலின் போலவே வேலை செய்தாலும் எபிட்ரினை வாய்வழியே கொடுக்கலாம், விளைவும் நீடிக்கும். ஆஸ்துமாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தேவை பெருகவே உலகின் எபிட்ராக்கள் ஒவ்வொன்றாய்ச் சோதனைக்கு வந்தன. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர்.என். சோப்ராவும் உடன் பணியாற்றியோரும் இந்திய இனங்களை ஆராய்ந்து, மழைக்குப்பின் மருந்துச்சத்து குறைவதையும் இலையுதிர் காலத்தில் கூடுவதையும் கண்டனர். வடமேற்கு மலைகளில் கிடைக்கும் எபிட்ரா ஜெரார்டியானா, எபிட்ரா இன்டர்மீடியா ஆகியவை தேறின. ராஜஸ்தான் சமவெளியின் எபிட்ரா ஃபோலியாட்டா தேறவில்லை. அமெரிக்க இனங்களில் எபிட்ரின் இல்லை, அல்லது சொல்லத்தக்க அளவில் இல்லை. அங்கே மார்மன் தேநீர் என்று குடிக்கப்படுவது துவர்ப்பான கஷாயம்தான். கிரந்தி நோய்க்கு மருந்தென நம்பி ஓர் இனத்துக்கு ஆன்டிசிபிலிட்டிகா என்றே பெயர் சூட்டியிருந்தனர். நம்பிக்கை போய்ப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1930 அளவில் ஜெர்மானியர் ஈஸ்ட் நொதிப்பின் வழியே எபிட்ரின் தயாரிக்கும் முறையைக் கண்டபின் செடியின் வணிக மதிப்பு மெல்லச் சரிந்தது.

அதன்பின் வந்த செய்திகள் சில. சீன அரசு 2000இல் பாலைவனமாதலைத் தடுக்க மா ஹுவாங் தோண்டுவதைக் கட்டுப்படுத்தியது. உடல் மெலியவென்று விற்ற எபிட்ரா மாத்திரைகளை அமெரிக்கா 2004இல் தடைசெய்தது. ஆப்கானிஸ்தானில் காட்டுச் செடியிலிருந்து மெத்தாம்ஃபெட்டமைன் போதைப்பொருள் தயாரிப்பது கடந்த பத்தாண்டில் வளர்ந்தது.

2015இல் வெளியான ஆய்வின்படி, கத்தரினா ரிடினும் கிறிஸ்டினா போலிண்டரும் கிரீஸில் கவனித்த எபிட்ரா ஃபோமினியா, ஜூலை மாதப் பௌர்ணமியை ஒட்டிச் சூல்முனையில் இனிப்பு நீர்த்துளிகளைச் சுரந்தது. நிலா வெளிச்சத்தில் அத்துளிகள் மின்னிப் பூச்சிகளை அழைக்கின்றன என்பது அவர்கள் விளக்கம். எல்லா இடத்துக்கும் அது பொருந்துமா என ஐயுறுவோரும் உண்டு. மற்ற இனங்களுள் பெரும்பாலானவை காற்றையே நம்புகின்றன.

தமிழகத்தில் எபிட்ரா இயற்கையாக வளர்வதில்லை. அதன் உறவை நேரில் காண விரும்புவோர் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரமேறும் நீட்டக் கொடியைத் தேடலாம்.